யார் வீட்டுக் காசு? – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

போன வாரம் நீங்க எழுதினதுல ‘பெர்னி சாண்டர்ஸ் ரெண்டு தடவ தோத்தார், ஆனா அவர் கேட்ட காலேஜ் விஷயம் தோக்கல’ன்னு ஒரு வரி வந்துச்சு. 2016லயும் 2020லயும் டெமாக்ரட் கட்சியோட ஜனாதிபதி வேட்பாளர் ஆகப் போட்டி போட்ட வெர்மாண்ட் செனட்டர் அவர், கவர்ன்மெண்ட் காலேஜ்ல ட்யூஷன் எல்லாருக்கும் ஃப்ரீயாக்கணும்னு கேட்டவர். அந்த வரி எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. நான் நியூ ஜெர்சில இருபது வருஷமா ஐடில இருக்கேன், இப்ப சிட்டிசன், ஓட்டு இருக்கு. பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா. அவ பிறந்ததுலேர்ந்து 529 அக்கவுண்ட்ல (காலேஜுக்குன்னே சேக்கற கணக்கு) மாசாமாசம் காசு போட்டுட்டு வரேன், வெக்கேஷன் போகாம, பழைய காரையே ஓட்டிக்கிட்டு. இப்ப ஒருத்தர் வந்து எல்லாருக்கும் ஃப்ரீன்னா, சேத்து வச்சவன்லாம் ஏமாளியா? ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு இருக்கு. ட்ரம்ப் பசங்களுக்கு எதுக்கு ஃப்ரீயா காலேஜ்னு, பெர்னியோட போட்டி போட்ட ஹிலரி க்ளின்டன் கேட்டது எனக்கு நியாயமாத்தான் பட்டுச்சு. பெர்னி நேர்மையான மனுஷன், சந்தேகமே இல்ல. ஆனா இந்தப் பேச்சாலதான் தோத்தார்னு நினைக்கிறேன். 2028ல ஏஓசி (பெர்னியோட கூட்டாளி, அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ்) நின்னாலும் இதே கதைதான். நான் சொல்றது தப்பா இருந்தா விளக்குங்க. பேர் போட வேணாம்.

*

வணக்கம் தம்பி,

உங்க 529லேர்ந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா கடிதத்துல வலி இருக்கற இடம் அதுதான்னு தோணுது. நீங்க சேத்தது வீணாப் போகாது. சொந்த ஸ்டேட் கவர்ன்மெண்ட் காலேஜ்ல நாலு வருஷப் படிப்புக்கு ட்யூஷன் மட்டும் சராசரியா வருஷத்துக்கு சுமார் 11,000 டாலர், தங்கற செலவு சாப்பாடு சேத்தா அது ரெண்டு மடங்குக்கு மேல போயிடுது, பெர்னி ஃப்ரீயாக் கேட்டது ட்யூஷன மட்டும்தான். ரூம், சாப்பாடு, புக்ஸ் எல்லாத்துக்கும் 529 காச எடுக்கலாம். அவர் ப்ளான் வந்திருந்தாலும் உங்க பொண்ணுக்கு அந்தப் பணம் வேண்டியிருந்திருக்கும். ‘ஃப்ரீ காலேஜ்’னு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கத்தினதுல, அதுல எது ஃப்ரீ எது ஃப்ரீ இல்லன்னு யாரும் உங்களுக்குச் சொல்லவே இல்ல. அது உங்க தப்பில்ல.

ட்ரம்ப் பசங்க விஷயம். அந்த வரி 2015ல கேக்க நல்லா இருந்துச்சு, நானும் ஒரு நிமிஷம் அசந்துட்டேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, ட்ரம்போட மூத்த பசங்க நாலு பேர்ல மூணு பேர் பென்சில்வேனியா யூனிவர்சிட்டில படிச்சவங்க, எரிக் மட்டும் ஜார்ஜ்டவுன். ரெண்டுமே பிரைவேட், பேர்ல ஸ்டேட் பேர் இருக்கேன்னு குழம்பிக்க வேணாம். பெர்னியோட மசோதா பப்ளிக் காலேஜுக்கு மட்டும்தான், அந்தப் பசங்களுக்கு அதுல ஒரு பைசா கிடையாது. காசு எங்கேர்ந்து வரும்னா வால் ஸ்ட்ரீட்லேர்ந்து, 100 டாலர் ஷேர் கைமாறினா 50 சென்ட் வரி. ட்யூஷனுக்கு வருஷத்துக்கு 70 பில்லியன் டாலர்னு கணக்குப் போட்டு, மூணுல ரெண்டு பங்கு ஃபெடரல் அரசு, ஒரு பங்கு ஸ்டேட் போடணும்னு 2015 மசோதா சொல்லுச்சு. இந்த ‘ஒரு பங்கு ஸ்டேட்’ங்கறத ஞாபகம் வச்சுக்கோங்க, எனக்கு அவர்மேல இருக்கற நிஜமான சண்டை அங்கதான், கீழ வரேன்.

இப்ப ‘இந்தப் பேச்சாலதான் தோத்தார்’ங்கறது. கட்சி வேட்பாளர் யார்னு ஸ்டேட் ஸ்டேட்டா நடக்கற தேர்தல்ல, 2016 அயோவால ஹிலரிக்கும் அவருக்கும் வித்தியாசம் கால் சதவீதம். முப்பது வயசுக்குக் கீழ இருந்தவங்கள்ல 84 சதவீதம் அவர் பக்கம். அடுத்து நியூ ஹாம்ப்ஷயர், 60க்கு 38னு ஜெயிச்சார். எழுபத்து நாலு வயசு ஆள், ஜனநாயக சோஷலிஸ்ட்னு தானே சொல்லிக்கறவர், 1981ல வெறும் பத்து ஓட்டுல பர்லிங்டன் மேயர் ஆனவர், அவ்ளோ தூரம் வந்ததுக்கு ஒரு பெரிய காரணமே காலேஜ் கடன் பேச்சுதான். அது அவர இழுத்துக் கவுக்கல, தூக்கி நிறுத்துச்சு. அப்புறம் என்னாச்சு? பிப்ரவரி 27, சவுத் கரோலினா. 73க்கு 26. கறுப்பின வாக்காளர்கள்ல 86 சதவீதம் ஹிலரிக்கு.

இந்தத் தோல்விக்கு ரெண்டு மாசப் பிரச்சாரத்த காரணமாச் சொல்ல முடியாது. அந்த மக்களோட க்ளின்டன் குடும்பத்துக்கு இருபத்தஞ்சு வருஷப் பழக்கம், சர்ச்சு சர்ச்சாப் போய் உக்காந்த பழக்கம். வெர்மாண்ட்லேர்ந்து வந்தவருக்கு அது இல்ல. ஆனா காலேஜ் விஷயமும் அங்க ஒரு விதத்துல உள்ள வந்துச்சு, இத நிறைய பேர் மறந்துட்டாங்க. ஜிம் க்ளைபர்ன், அந்த ஸ்டேட்லேர்ந்து வாஷிங்டன் சபைக்குப் போன பெரிய கறுப்பினத் தலைவர், ஒரு கேள்வி கேட்டார்: பப்ளிக் காலேஜ எல்லாம் ஃப்ரீ ஆக்கினா, கறுப்பினப் பிள்ளைங்களுக்காகவே நடக்கற பிரைவேட் காலேஜுங்க கதி என்ன, இழுத்து மூட வேண்டியதுதானேன்னு. அவர் படிச்சது ஆரஞ்ச்பர்க்ல சவுத் கரோலினா ஸ்டேட்ல, அது பப்ளிக். பக்கத்துலயே ஒட்டினாப்ல க்ளாஃப்ளின், அது பிரைவேட். ரெண்டும் கறுப்பினக் கல்லூரிங்க, அடிமைத்தனம் ஒழிஞ்ச பிறகு சுமார் முப்பது வருஷத்துக்குள்ள எழுந்ததுங்க. ஒரு பக்கம் ஃபீஸ் பூஜ்யம், இன்னொரு பக்கம் முழு ஃபீஸ்னா என்ன ஆகும்னு அந்த ஊர்ல நின்னு பாத்தா யாருக்கும் புரியும். பெர்னி டீமுக்கு அந்த மசோதா எழுதறப்ப அது தெரியல. நீங்க சொல்ற ‘எல்லாருக்கும் எதுக்கு’ங்கற கேள்வி அங்க அவர அடிக்கல தம்பி. ‘எங்கள மறந்துட்டியே’ங்கற கேள்விதான் அடிச்சுது. ரெண்டும் ஒண்ணில்ல.

அவர் கத்துக்கிட்டார்ங்கறதையும் சொல்லணும். 2019 ப்ளான்ல பிரைவேட் கறுப்பினக் கல்லூரிங்களுக்கும் அது மாதிரி மைனாரிட்டி காலேஜுங்களுக்கும் சேத்து வருஷத்துக்கு 1.3 பில்லியன்னு போட்டார். ஆனா 2020ல அதே சவுத் கரோலினா. அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், நெவாடா மூணுலயும் அதிக ஓட்டு வாங்கிட்டுதான் வந்தார். பிப்ரவரி 26 க்ளைபர்ன் பைடனுக்கு ஆதரவு சொன்னார், 29ஆம் தேதி பைடன் 48 சதவீதம் தாண்டினார், இவர் 20கிட்ட நின்னுட்டார். கூடப் போட்டியில இருந்த பூட்டிஜெஜ் மார்ச் 1லயும் க்ளோபுச்சார் மார்ச் 2லயும் ஒதுங்கினாங்க, மார்ச் 2 ரெண்டு பேரும் பைடனுக்கு ஆதரவு சொன்னாங்க, மறுநாள் பதினாலு ஸ்டேட்ல பத்து பைடனுக்கு. மூணே நாள்ல கதை மாறிப்போச்சு. ஏப்ரல் 8 விலகினார். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, இத மறைக்க விரும்பல.

நான் ‘தோக்கல’ன்னு எழுதினது எதனாலன்னா, கட்சிக்குள்ள அவர ஜெயிச்ச ரெண்டு பேரும் அவர் பேச்ச எடுத்துக்கிட்டாங்க. ஹிலரி 2016 ஜூலைலயே, வருஷம் 1,25,000 டாலருக்குள்ள சம்பாதிக்கற குடும்பத்துக்குப் படிப்படியா பப்ளிக் காலேஜ் ஃப்ரீன்னு வந்துட்டாங்க. பைடனும் 2020ல அதே நம்பர். பெர்னியும் இறங்கி வந்தார், 2017ல சென்னையில பிறந்த பிரமிளா ஜெயபாலோட சேந்து அவர் கொண்டுவந்த மசோதால நாலு வருஷக் காலேஜுக்கு இதே 1,25,000 வரம்புதான். ஆனா நான் எழுதினது பாதி உண்மைதான், அத ஒத்துக்கறேன். வாஷிங்டன்ல 2021ல கம்யூனிட்டி காலேஜ் ரெண்டு வருஷம் ஃப்ரீங்கறதையே பெரிய மசோதாலேர்ந்து கழட்டி விட்டாங்க, செனட்ல ஐம்பதுக்கு ஐம்பது, ஒரு ஓட்டு போனாலும் போச்சு. பைடனோட கடன் தள்ளுபடிய 2023 ஜூன் 30ல சுப்ரீம் கோர்ட் 6க்கு 3னு அடிச்சுட்டாங்க. ஜெயிச்சது ஸ்டேட்டுங்கள்ல. அதுலயும் முதல்ல செஞ்சது யார் தெரியுமா, டென்னஸி, 2014ல, பில் ஹாஸ்லம்னு ஒரு ரிபப்ளிகன் கவர்னர்.

அந்த டென்னஸி கதை உங்க கேள்விக்கு நேரா பதில் சொல்லுது. அங்க முதல்ல, ஏழைப் பிள்ளைங்களுக்கு ஃபெடரல் அரசு தர்ற பெல் கிராண்ட், மத்த உதவி எல்லாத்தையும் கழிச்சுட்டு, மிச்சம் இருக்கற கம்யூனிட்டி காலேஜ் ஃபீஸ ஸ்டேட் கட்டும். ரொம்ப ஏழைப் பிள்ளைக்கு பெல்லே ஃபீஸ மூடிடும், அதனால புதுசா காசுன்னு ஒண்ணும் வராது. அப்படியும் திட்டம் வந்த முதல் வருஷமே கம்யூனிட்டி காலேஜ்ல புதுசா சேர்ந்தவங்க எண்ணிக்கை நல்லா ஏறுச்சு. ஏன்? ‘நீ டென்னஸில ஹைஸ்கூல் முடிச்சியா, உனக்கு ஃபீஸ் இல்ல’ன்னு ஒரே வரில சொன்னாங்க. வருமானத்த வச்சு யாரையும் வாசல்லயே தள்ளல.

இது எனக்கு ஏன் இவ்ளோ முக்கியம்னா, நான் இருக்கற ஊர் லைப்ரரில சில வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமை பிள்ளைங்களுக்கு ஃபாஃப்ஸா ஃபார்ம் (படிப்புக்கு அரசு உதவி கேக்கற விண்ணப்பம்) நிரப்ப உதவி பண்ணியிருக்கேன். ஒரு பொண்ணு வருவா. அம்மா வீட்டு வேலை செய்யறவங்க, அப்பா எங்க இருக்கார்னே தெரியாது. அவளுக்கு எல்லா உதவிக்கும் தகுதி இருந்துச்சு, ஒண்ணு விடாம. ஃபார்ம அனுப்பினோம், காலேஜ்லேர்ந்து வெரிஃபிகேஷன்னு திரும்பி வந்துச்சு, வரி ரசீது கேட்டாங்க, அம்மா சில வருஷம் வரித் தாக்கலே பண்ணல ஏன்னா அவ்ளோ வருமானமே இல்ல, இல்லன்னு நிரூபிக்க இன்னொரு ஃபார்ம், அது தபால்ல வரணும், வரல, திரும்பக் கேட்டோம், அதுக்குள்ள ஸ்டேட் கிராண்டோட கடைசி தேதி போயிடுச்சு. அந்த வருஷம் அவ ஒரு கடையில ஷிஃப்ட் போட்டுக்கிட்டு ரெண்டே ரெண்டு க்ளாஸ் எடுத்தா, அடுத்த செமஸ்டர் கடன் வாங்கினா, அதுக்கடுத்த செமஸ்டர் வரல. கடன் இருக்கு, டிகிரி இல்ல. பெரிய கடன் வாங்கின டாக்டருங்க, வக்கீலுங்கள விட, இப்படிக் கொஞ்சமா வாங்கிட்டுப் பாதியில நின்னவங்கதான் இந்த நாட்டுல அதிகமா கடன் கட்ட முடியாமத் தவிக்கறாங்க. ‘பணக்காரனுக்குப் போகக்கூடாது’ன்னு நாம வைக்கற வேலி பணக்காரன ஒண்ணும் செய்யல, அந்தப் பொண்ணதான் வெளிய நிறுத்துச்சு. அதனாலதான் எல்லாருக்கும்னு சொல்றவங்க பக்கம் நான் நிக்கறேன். பணக்காரன்கிட்ட வரில வாங்கிக்கலாம், அதுக்கு காலேஜ் வாசல்ல ஒரு ஃபார்ம் தேவையில்ல.

ஹைஸ்கூலும் ஒரு காலத்துல இப்படித்தான். 1910ல இந்த நாட்டுல பத்துல ஒரு பிள்ளைகூட ஹைஸ்கூல் முடிக்கல, 1940ல பாதிப் பேர் முடிச்சாங்க, நடுவுல ஊர் ஊரா ஜனங்க வரி கட்டி ஸ்கூல் கட்டினாங்க. உங்க பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறாளே, பப்ளிக் ஸ்கூல்னா அது ஃப்ரீதான், யாரும் அத ஓசின்னு சொல்றதில்ல. காலேஜ்லயும் இது புதுசில்ல. நியூயார்க் சிட்டி காலேஜ் 1847ல ஃப்ரீயா ஆரம்பிச்சது, ப்ரூக்ளின் காலேஜ் எல்லாம் சேத்து 1976 வரைக்கும் ட்யூஷன் கிடையாது. 1970ல கதவ அகலத் திறந்து கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ பிள்ளைங்க நிறைய உள்ள வந்து ஆறே வருஷத்துல, சிட்டிக்கிட்ட காசில்லன்னு சொல்லி ஃபீஸ் போட்டாங்க. பெயிண்ட் வித்த அப்பாவோட புள்ள பெர்னி, சிகாகோ போறதுக்கு முன்ன முதல் வருஷம் படிச்சது அந்த ப்ரூக்ளின் காலேஜ்லதான். தான் அனுபவிச்சதத்தான் அவர் திரும்பக் கேட்டார்.

இப்ப என் சண்டை, அந்த ‘ஒரு பங்கு ஸ்டேட்’. 2012ல சுப்ரீம் கோர்ட், ஒபாமாவோட மெடிக்கெய்ட் (ஏழைங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விரிவாக்கத்த ஸ்டேட்டுங்க வேணாம்னு சொல்லலாம்னு தீர்ப்பு சொன்னப்புறம், தெக்கு ஸ்டேட்டுங்க நிறைய வேணாம்னுட்டாங்க, சவுத் கரோலினா இன்னிக்கு வரைக்கும் எடுக்கல. பெரும்பங்கு காச வாஷிங்டன் குடுக்கறேன்னும் வேணாம்னுட்டாங்க. அப்ப மூணுல ஒரு பங்கு கைக்காசு போடற காலேஜ் திட்டத்துல சவுத் கரோலினா தலைநகர் கொலம்பியால இருக்கற அந்த கவர்ன்மெண்ட் சேருமா? சேராது. அந்த ஊர் கறுப்பினத் தாய்மார்களுக்கு இது நல்லாத் தெரியும், வாஷிங்டன்ல சொன்னது தங்க ஸ்டேட் வாசல்ல செத்துப் போறத அவங்க தலைமுறை தலைமுறையாப் பாத்தவங்க. கையில வராத பெரிய வாக்குறுதிய விட கைக்கு எட்டற சின்னத எடுத்துக்கறது புத்திசாலித்தனம்னு அவங்க ஓட்டு போட்டிருந்தா, அத நான் தப்பு சொல்ல மாட்டேன். பெர்னி இதுக்கு ஒரு வழி சொல்லியிருக்கணும், மறுக்கற ஸ்டேட்ல காலேஜுங்களுக்கு நேரடியா காசு போற மாதிரி ஏதாவது. எனக்குத் தெரிஞ்சு சொல்லல.

2028ல பெர்னிக்கு 87 வயசு, அவர் நிக்கப் போறதில்ல. ஏஓசி நிப்பாங்களான்னு ஊகம் பண்ண விரும்பல. நின்னா? 2025ல பெர்னியும் அவங்களும் டென்வர்லயும் லாஸ் ஏஞ்சல்ஸ்லயும் பேசினப்ப 30,000 பேருக்கு மேல வந்தாங்க. காலேஜ் கடன் அவங்களுக்கு ஏட்டுல படிச்ச விஷயம் இல்ல, 17,000 டாலர் கடன் இன்னும் இருக்குன்னு 2021ல சபையிலயே சொன்னவங்க. ஆனா கூட்டம் வேற, ஓட்டு வேற. 2016லயும் 2020லயும் கூட்டத்துக்குக் குறைச்சலே இல்ல. நான் டென்வர் கூட்டத்த எண்ணப் போறதில்ல தம்பி. ஆரஞ்ச்பர்க்குக்கு எத்தன தடவ போறாங்க, கேமரா இல்லாத நாள்ல போறாங்களா, சவுத் கரோலினா ஸ்டேட்ல பேசிட்டு அப்படியே பக்கத்துல க்ளாஃப்ளினுக்குள்ளயும் நடந்து போய் அங்க இருக்கற பிள்ளைங்ககிட்ட ‘உங்க ஃபீஸுக்கு என் திட்டத்துல இன்ன இடம்’னு சொல்ல முடியுதா, அதத்தான் பாப்பேன்.

உங்க பொண்ணுக்கு என் அன்பு. ஃபாஃப்ஸா அக்டோபர் வாக்குல திறக்கும், உங்க வருமானத்துக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு நினைச்சு விட்டுடாதீங்க, ஸ்டேட் உதவியோட கடைசி தேதிய முதல்லயே பாத்து வச்சுக்கோங்க.

அன்புடன்,
அக்கா