ஏசிக்-3 மரபணு உடலில் என்ன வேலை செய்கிறது? மாரடைப்பு வலிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கல்லூரியில் உடலியங்கியல் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இந்த மரபணு ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. இதிலிருந்து உருவாகும் புரதத்தில் 531 அமினோ அமிலங்கள். இத்தகைய மூன்று அலகுகள் சேர்ந்து உணர்வு நரம்பின் சவ்வில் ஒரு வாசலாக நிற்கின்றன. வெளியே அமிலத்தன்மை ஏறினால் வாசல் திறக்கும், சோடியம் அயனிகள் உள்ளே பாயும், நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்பும். இதயத்துக்குச் செல்லும் உணர்வு நரம்புகளில் இந்த வாசல்கள் நிறைய உண்டு.

நம் இரத்தத்தின் பி.எச். 7.4. (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்.) இதயத்தசைக்கு இரத்தம் நின்றுபோனால் அங்கே அது 7.0 அளவுக்கு இறங்கும். பள்ளியில் 7 என்றால் நடுநிலை என்று படித்திருப்பீர்கள்; அந்தச் சிறு இறக்கத்துக்கே ஏசிக்-3 விழித்துக்கொள்கிறது. ஆனால் நுரையீரல் நோயில் கரியமில வாயு தேங்கினாலும் இரத்தம் அமிலமாகிறதே, அப்போது ஏன் இப்படி நெஞ்சு வலிப்பதில்லை?

இதற்கு 2001-இல் இம்கே, மெக்கிளெஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவர் தந்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. எலியின் இதய நரம்பணுக்களில் சோதித்தார்கள். பிராணவாயு இல்லாமல் திணறும் தசை, அமிலத்தோடு லாக்டேட் என்ற பொருளையும் வெளியேற்றுகிறது. வாசலை அடைத்துக்கொண்டிருப்பது கால்சியம். சுற்றியுள்ள கால்சியத்தை லாக்டேட் பிடித்துக்கொள்வதால், அதே அமிலத்துக்கு வாசல் இன்னும் எளிதாகத் திறக்கிறது. அமிலமும் லாக்டேட்டும் சேர்ந்து வந்தால்தான் நரம்பு உரக்கக் கத்துகிறது. இதய வலிக்கு இது ஒன்றே காரணம் அல்ல. அடினோசின், பிராடிகைனின் போன்ற வேதிப்பொருள்களும் நரம்பைத் தூண்டுகின்றன.

என் அப்பாவுக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஒரு நாள் காலையில் வியர்த்துக் கொட்டியது. வலி துளியும் இல்லை. வெயில் என்று நினைத்து மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து ஈ.சி.ஜி. எடுத்தபோதுதான் மாரடைப்பு வந்துபோனது தெரிந்தது. மரபணு பழுதில்லாமல் இருந்தும் பயனில்லை. நீண்ட காலச் சர்க்கரை நரம்பையே சிதைத்துவிடும். வாசல் திறந்தாலும் செய்தியைக் கொண்டுபோக வழியிருக்காது. அப்பாவுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது அம்மாவுக்கும் சர்க்கரை. காரணமில்லாமல் வியர்த்தாலோ மூச்சு வாங்கினாலோ, “நெஞ்சு வலிக்கிறதா?” என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, உடனே ஈ.சி.ஜி. எடுக்க அழைத்துப் போய்விடுகிறேன்.