டப்ளினிலிருந்து ஒரு பட்டியல்

அன்புள்ள ஐயா,

ஆறு வருடமாக டப்ளினில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். ‘அயர்லாந்து விஞ்ஞானிகள்’ என்ற தலைப்பில் பள்ளியில் ஏதாவது செய்துவரச் சொன்னார்கள். அதற்காகத் தேடியபோது அசந்துபோனேன். பாயில், கணிதமேதை ஹாமில்டன், காலன், இயற்பியலாளர் டிண்டால், காற்றின் வேகத்துக்கு அளவுகோல் தந்த பியூஃபோர்ட், நீர்மூழ்கி கட்டிய ஹாலண்ட், அணுவைப் பிளந்த வால்டன், பல்சார் என்ற துடிக்கும் விண்மீனைக் கண்ட ஜோசலின் பெல் என்று 22 பேர் தேறினார்கள். பட்டியலை இணைத்திருக்கிறேன். நமக்கு அயர்லாந்து என்றால் கவிஞர்களும் விடுதலைப் போராட்டமும் மட்டும்தானே தெரியும்?

மூன்று கேள்விகள். பாயிலின் அப்பா இங்கிலாந்துக்காரர். அவரை ஐரிஷ் என்று சேர்க்கலாமா? தூண்டு சுருளைக் கண்டுபிடித்தவர் காலன், ஆனால் பெயர் ரூம்கோர்ஃபுக்குப் போனது. இது திருட்டு இல்லையா? முக்கியமாக, இவ்வளவு சின்ன நாட்டால் இத்தனை கண்டுபிடிப்புகளைச் செய்ய எப்படி முடிந்தது?

ஆர்., டப்ளின்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் ஒரு சாவுக்குப் போய்விட்டு ஊரிலிருந்து திரும்பியிருந்தேன். வழியெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒரு விஷயத்துக்கும் டப்ளினுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதனால் உங்கள் பட்டியலை உடனே திறந்து, 22 பெயரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் தேடிய பெயர் அதில் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பாயில். 1627ல் லிஸ்மோர் கோட்டையில் பிறந்தார். அப்பா இங்கிலாந்திலிருந்து வந்து நிலம் சேர்த்துப் பிரபுவானவர். அவரை யார் கணக்கில் எழுதுவது என்பது எனக்கு முக்கியமில்லை. மகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஆசிரியை ஒன்றும் சொல்லமாட்டார்.

காலன் விஷயத்தில் எனக்கு உங்கள் மேல் கோபம். ‘நிக்கோலஸ் காலன், தூண்டு சுருள், 1836’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே ‘திருட்டு’ என்கிறீர்கள். அந்த மனிதர் என்ன செய்தார் என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தீர்களா? அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். மேனூத் குருமடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். இரும்பைச் சுற்றித் தடித்த கம்பி, அதன்மேல் நீளமான மெல்லிய கம்பி. தடித்த கம்பியில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று துண்டித்தால் மெல்லிய கம்பியில் பயங்கரமான மின்னழுத்தம் எழும். எவ்வளவு எழுகிறது என்று அளக்க அன்று கருவி கிடையாது. அதனால் மாணவர்களைக் கைகோர்த்து நிற்கவைத்து, எவ்வளவு தூக்கிப்போடுகிறது என்று பார்த்தார். அப்படி நின்றவர்களில் ஒருவர் மயங்கி விழுந்தார் என்றும், பின்னாளில் டப்ளின் பேராயரான வில்லியம் வால்ஷ்தான் அவர் என்றும் மேனூத்தில் சொல்வார்கள். இன்றைக்கும் பெட்ரோல் காரில் பொறி கிளப்புவது அந்தச் சுருளின் வாரிசுதான். இதைச் சொன்னால் நாலாம் வகுப்புக் குழந்தை வாயைப் பிளந்து கேட்காதா?

திருட்டு நடக்கவில்லை. காலன் எதையும் மறைக்கவில்லை, லண்டனுக்கு ஒரு மாதிரியும் அனுப்பிவைத்தார். ரூம்கோர்ஃப் பாரிஸில் கருவிகள் செய்து விற்றவர். அந்தச் சுருளை இன்னும் வலுவாகச் செய்தார், அது ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் போனது, பெயரும் கூடவே போனது. மேனூத்திலோ காலனை மறந்துவிட்டார்கள். குருமடத்துக்கு எது முக்கியமோ அதைத்தான் அது நினைவில் வைத்திருந்தது. ஏறத்தாழ நூறு வருடம் கழித்து அதே கல்லூரியைச் சேர்ந்த ஒருவர் பழைய காகிதங்களைத் தோண்டிப் படித்த பிறகுதான் இவர் பெயர் மேலே வந்தது. நம்மிடமும் இந்த நோய் இருக்கிறது, ஆர். ‘நாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தோம், வெள்ளைக்காரன் திருடிவிட்டான்’ என்று வாட்ஸப்பில் அனுப்புகிறவரிடம், எதை, எப்படி என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. செய்த வேலை என்னவென்று தெரியாமல் அதற்கு உரிமை மட்டும் கேட்கிற கோபம் எதற்கு? நீங்கள் அந்த வரிசையில் போய் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, உங்கள் பட்டியலில் இல்லாத பெயருக்கு வருகிறேன். வின்சென்ட் பாரி. 1908ல் கார்க் நகரத்தில் பிறந்த வேதியியலாளர். கால்வே நகரத்தில் இருந்தபோது கடற்பாசியின் வேதியியலில் உழைத்தார். 1940களில் அயர்லாந்தில் காசநோய்க்கு வருடத்துக்கு நாலாயிரம் பேர் வரை செத்துக்கொண்டிருந்தார்கள். மொத்த ஜனமே முப்பது லட்சத்துக்குக் கீழ். 1948ல் சுகாதார அமைச்சரான நோயல் பிரவுன் தாய் தகப்பன் இருவரையும் அதே நோய்க்குப் பறிகொடுத்தவர். பாரி டப்ளினுக்கு வந்து காசநோய் மருந்து தேடத் தொடங்கினார். பாறையிலும் சுவரிலும் பொருக்குப் பொருக்காகப் படர்ந்திருக்குமே லைக்கன், அதில் கிருமியைத் தடுக்கும் பொருள் இருக்கிறது என்று அங்கிருந்து ஆரம்பித்தார். ஒன்றைச் செய்வது, கிருமிமேல் போட்டுப் பார்ப்பது, கொஞ்சம் மாற்றி மறுபடி செய்வது என்று வருடக்கணக்கில் போனது. கானல்டி, பெல்டன், ஓசல்லிவன், டூமி, வின்டர் என்று கூட உழைத்தவர்கள் பலர். 1954ல் டிரினிட்டி கல்லூரியில் ஒரு சிவப்புப் பொருள் கிடைத்தது. உண்மையில் அது ஒரு சாயம். பி 663 என்று எண் கொடுத்தார்கள்.

சுண்டெலியின் காசநோயை அது அருமையாக அடக்கியது. 1957ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அப்புறம் கினிப் பன்றிக்கும் குரங்குக்கும் கொடுத்துப் பார்த்தால் ஒன்றும் சரிவரவில்லை. காசநோய்க்கு வேறு நல்ல மருந்துகளும் வந்துவிட்டன. பத்து வருட உழைப்பு அலமாரிக்குப் போயிருக்க வேண்டியது. ஆனால் காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் ஒரே குடும்பம். 1962ல் நைஜீரியாவில் உசுவாகோலி என்ற ஊரில் தொழுநோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். வேலை செய்தது. கிருமியைத் தடுத்ததோடு, நோயின் இடையில் நரம்பைத் தாக்கும் வீக்கத்தையும் தணித்தது. குளோஃபசிமின் என்று பெயர் வைத்தார்கள். அதுவரை டாப்சோன்தான் முக்கிய மருந்து, ஆயுள் முழுக்கத் தின்ன வேண்டும். கிருமி அதற்கும் பழகிக்கொண்டு தப்பிக்க ஆரம்பித்திருந்தது. 1981ல் உலக சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டு மருந்தால் இதுவரை 1.6 கோடிப் பேருக்கு மேல் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பங்கு நம் நாட்டுக்காரர்கள்.

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். டைலர் மாமா என்போம். செங்கல்பட்டுப் பக்கம் சின்ன ஊர். 1990, நான் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வெள்ளைச் சட்டையும் காக்கி டவுசரும் அவர்தான் தைப்பார். ஒரு நாள் காஜா எடுக்கும்போது சுண்டுவிரல் ஓரத்தில் ஊசி ஏறிவிட்டது. அவருக்குத் தெரியவே இல்லை. வெள்ளைத் துணியில் ரத்தம் சொட்டியதைப் பார்த்துத்தான் கையைப் பார்த்திருக்கிறார். மறு வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். புத்திசாலி. விரல் மடங்கும் முன்னால் போய்விட்டார்.

மாதம் ஒரு அட்டை. மேல் வரிசையில் மாதத்தின் முதல் நாளுக்கான மாத்திரைகள், ஊழியர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். கீழே மீதி 27 நாளுக்கு. அதில் பழுப்பு நிறத்தில் உருண்டையாக ஒன்று இருக்கும். பாபின் போட்டுவைக்கும் தகர டப்பாவில் அந்த அட்டையை மடித்து வைத்திருப்பார், நூல்கண்டு எடுக்கும்போது பார்த்திருக்கிறேன். மூன்று நாலு மாதத்தில் ஆள் நிறம் மாறினார். மாநிறமாக இருந்தவர் முதலில் செம்பழுப்பாகி, பிறகு முகத்தில் தேமல் இருந்த இடம் கரிபூசியது போல ஆனது. வியர்வையும் சிவந்து இறங்கியது. தைக்கும் வெள்ளைத் துணியில் கறை பட்டுவிடுமே என்று கழுத்தில் ஒரு துண்டும் இரண்டு மணிக்கட்டிலும் கர்ச்சீப்பும் கட்டிக்கொண்டுதான் மிஷினில் உட்காருவார்.

ஊருக்கு அந்தக் கறுப்புதான் நோயாகத் தெரிந்தது. ‘முத்திப்போச்சு, பாரு’ என்றாள் ஆயா. தேமலாக, யார் கண்ணிலும் படாமல், மருந்தில்லாமல் இருந்தபோது எல்லோரும் அவரிடம் டீ வாங்கிக் குடித்தார்கள். குணமாகிக்கொண்டிருந்தபோதுதான் விலகினார்கள். மருந்து உள்ளே போன சில நாளிலேயே அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் தெருத்தெருவாக வந்து சொன்னார்கள். யார் கேட்டது? அந்த வருடம் அம்மா என்னைப் பஜாரில் வேறு கடைக்குக் கூட்டிப்போனாள். அவர் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். நான் அம்மாவின் முந்தானைக்கு அந்தப் பக்கம் மாறி நடந்தேன்.

அந்த நிறம் டப்ளினில் ஒரு குடுவையில் பிறந்தது என்று எனக்குத் தெரிய வந்தபோது வயது முப்பத்தைந்துக்கு மேல். மருந்தே சாயம் என்பதால் தோலில் ஏறுகிறது. உடலின் கொழுப்பில் தங்கிக்கொள்கிறது, தங்கியதில் பாதி வெளியேறவே எழுபது நாள் ஆகும். நிறத்துக்குப் பயந்து மாத்திரையை வாய்க்காலில் போட்டவர்கள் உண்டு. அதிலும் கல்யாணமாக வேண்டிய பெண்கள். டைலர் மாமா ஒரு மாத்திரையைக்கூட விடவில்லை. அன்றைய கணக்குப்படி இருபத்துநாலு அட்டை. கடைசி அட்டை முடிந்து ஒரு வருடத்துக்குள் பழைய நிறத்துக்கே வந்தார். விரல்கள் பத்தும் நேராக இருந்தன. போன மாதம், எண்பத்தொரு வயதில், தூக்கத்தில் போய்விட்டார். நான் போய்வந்தது அந்தச் சாவுக்குத்தான். மகன் அந்தத் தகர டப்பாவை எடுத்துக் காட்டினான். பாபின்களுக்கு அடியில் காலி அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வைத்திருந்தார்.

இப்போது சொல்லுங்கள், ஆர். உங்கள் 22 பெயர்களைப் படித்தபோது எனக்கு ஏன் அத்தனை எரிச்சல் வந்தது? ஊர், ஆள், வருடம், பொருள். அவ்வளவுதான் இருந்தது. யாருக்காக, எந்தப் பயத்தில், எத்தனை தடவை தோற்று என்பதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பாரி 1975ல் இறந்தார். தன் மருந்து மூன்று மருந்துக் கூட்டில் சேர்ந்ததையோ, செங்கல்பட்டுப் பக்கம் ஒருவர் துண்டு கட்டிக்கொண்டு காஜா எடுத்ததையோ அவர் அறியமாட்டார். அவர் தேடியது தன் ஊர்க்காரர்களின் காசநோய்க்கான மருந்தை. அதுவும் வீண்போகவில்லை. மற்ற மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்கு இன்று கொடுக்கும் மருந்துகளில் குளோஃபசிமினும் ஒன்று. 2018ல் உலக சுகாதார நிறுவனம் அந்த வரிசையில் அதை மேலே ஏற்றியது. கினிப் பன்றியிடம் தோற்ற அதே பி 663தான்.

உங்கள் மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டேன். சின்ன நாடு எப்படி இவ்வளவு செய்தது என்பதற்கு நான் ஒரே பதிலாகச் சொன்னால் அது பொய்யாக இருக்கும். பர் கோட்டையில் 1845ல் ஆறடி விட்டத்தில் உலோகக் கண்ணாடி வார்த்துத் தொலைநோக்கி கட்டிய ராஸ் பிரபுவிடம் பணம் இருந்தது. டிண்டாலிடம் அது இல்லை, நில அளவைக்காரராகச் சங்கிலி இழுத்து மேலே வந்தவர். ஜோசலின் பெல்லுக்கு நோபல் கொடுக்காமல் அவருடைய பேராசிரியருக்குக் கொடுத்தார்கள். பெல் ஒரு வார்த்தை கசந்து பேசவில்லை. 2018ல் வேறொரு பரிசாக வந்த முப்பது லட்சம் டாலரையும் பிள்ளைகள் ஆராய்ச்சி செய்யட்டும் என்று அப்படியே கொடுத்துவிட்டார். இவர்கள் எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

மகளிடம் பட்டியலைக் கொடுக்காதீர்கள். ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஹாமில்டன் என்றால் இன்னும் நல்லது, லுவாஸ் ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போனால் புரூம் பாலம். 1843 அக்டோபர் 16 அன்று மனைவியோடு கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தவர், பதினைந்து வருடம் யோசித்தது சட்டென்று பிடிபட்டதும் பேனாக்கத்தியை எடுத்து அந்தப் பாலத்தின் கல்லில் சூத்திரத்தைக் கீறினார். கீறல் எப்போதோ அழிந்துவிட்டது, அந்த இடத்தில் ஒரு பலகை மட்டும் இருக்கிறது. குழந்தை கல்லைத் தொட்டுப் பார்க்கட்டும். அது என்ன எழுதுகிறதோ, பிழையோடு அப்படியே எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.