பந்து கைக்கு வருமுன் வழியை மறிக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் என் மகன் ஆடும் லிட்டில் லீக் (சிறுவர்) பேஸ்பால் ஆட்டங்களுக்கு அம்பயராக உதவுகிறேன். போன வாரம் மூன்றாம் பேஸிலிருந்து ஓடிவந்த பையன் (ரன்னர்), தொட்டால் ரன் கிடைக்கும் ஹோம் பிளேட்டுக்கு முன்னால் அவன் ஓடும் கோட்டை அடைத்து நின்ற கேட்சரை, அதாவது பிளேட்டில் பந்து பிடிப்பவரை, பார்த்ததும் வேகத்தைக் குறைத்தான். அதற்குப் பிறகுதான் பந்து வந்தது. கேட்சர் பிடித்து டேக் செய்தார் (பந்தோடு அவனைத் தொட்டார்), நான் அவுட் கொடுத்தேன். அது அப்ஸ்ட்ரக்‌ஷன் (ரன்னரை மறிக்கும் குற்றம்) என்கிறார்கள். இருவரும் மோதிக்கொள்ளவே இல்லையே, அது எப்படி அப்ஸ்ட்ரக்‌ஷன் ஆகும்?

பதில்: நீங்கள் சொன்னபடிதான் நடந்தது என்றால் அந்தப் பையன் சேஃப். ரன் கொடுத்திருக்க வேண்டும்.

மோதல் நடந்தால்தான் அப்ஸ்ட்ரக்‌ஷன் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். புதிய அம்பயர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கையில் பந்து இல்லாத ஒருவர் ரன்னரின் ஓட்டத்தைக் கெடுத்தாரா என்பதே கேள்வி. வேகம் குறைந்தாலும், வளைந்து போக நேர்ந்தாலும், தயங்கி நின்றாலும் ஓட்டம் கெட்டதுதான். இடிக்காமல் நின்ற பையன் நல்ல பிள்ளை. அதற்காக அவனுக்கு அவுட் கொடுப்பது அநியாயம்.

வேண்டுமென்றே மறித்தாரா என்றும் பார்க்க வேண்டாம். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலான மேஜர் லீகின் இறுதித் தொடர், அதாவது உலகத் தொடர், 2013-ல் நடந்தபோது அதன் மூன்றாவது ஆட்டத்தில், பாஸ்டன் அணியின் வில் மிடில்புரூக்ஸ் பந்துக்குப் பாய்ந்து மூன்றாம் பேஸ் அருகே விழுந்து கிடந்தார். செயின்ட் லூயிஸின் ஆலன் கிரெய்க் அவர்மேல் தடுக்கி விழுந்து எழுந்து ஓடினார். பந்து அவருக்கு முன்பே ஹோம் பிளேட்டுக்கு வந்துவிட்டது. ஆனாலும் மூன்றாம் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் அப்ஸ்ட்ரக்‌ஷன் காட்டியிருந்ததால் ரன் கிடைத்தது, ஆட்டமும் அதோடு முடிந்தது. விழுந்து கிடந்தவர் வேண்டுமென்றே மறித்தாரா என்பது அந்தத் தீர்ப்புக்குத் தேவைப்படவில்லை.

டிவியில் பார்க்கும் மேஜர் லீக் விதியை அப்படியே உங்கள் மைதானத்துக்குக் கொண்டுவராதீர்கள். 2011-ல் சான் பிரான்சிஸ்கோ கேட்சர் பஸ்டர் போஸி ஹோம் பிளேட் மோதலில் கால் எலும்பு முறிந்து அந்த சீசனையே இழந்தார். அந்த வேதனையின் தொடர்ச்சியாக 2014-ல் தனி விதி வந்தது. பந்து இல்லாமல் கேட்சர் வழியை அடைக்கக் கூடாது. ஆனால் வீசிய பந்து போகும் திசையால் அவர் கோட்டுக்குள் இழுக்கப்பட்டால் குற்றமில்லை. அடைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ரன்னர் எப்படியும் அவுட்தான் என்று அம்பயர் கருதினாலும் குற்றமில்லை. ஃபோர்ஸ் பிளேக்கு (பின்னால் வரும் ரன்னருக்கு இடம் விட ஓடியே ஆக வேண்டிய நிலை; டேக் இல்லாமல் பந்தோடு பிளேட்டைத் தொட்டாலே அவுட்) அந்த விதி பொருந்தாது. லிட்டில் லீக் வரையறையில் இத்தனை சலுகை கிடையாது. பந்து கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘பந்து வரப்போகிறது’ என்பது அங்கே சாக்கு ஆகாது.

சரி, களத்தில் எப்படிப் பார்ப்பது? பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ரன்னர் எப்போது தயங்கினான் என்பது தெரியாமல் போகும். வீச்சு கிளம்பி எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்ததும் கண்ணைக் கேட்சரின் கால்களுக்கும் ரன்னருக்கும் கொண்டுவாருங்கள். கேட்சரின் முதுகுக்குப் பின்னால் நிற்காமல், கையுறைக்கும் ரன்னருக்கும் நடுவில் உள்ள இடைவெளி தெரியும் பக்கமாக நகருங்கள். நெருக்கத்தைவிட கோணம் முக்கியம். ரன்னரின் ஓட்டம் மாறிய அந்த நொடியில் பந்து கையுறைக்குள் இருந்ததா? இருந்திருந்தால் கேட்சர் தாராளமாக மறிக்கலாம். அப்போது சறுக்கவோ சுற்றிப் போகவோ வேண்டியது ரன்னர்தான். பந்து ஏந்திக் காத்திருப்பவர் மேல் நேராகப் போய் மோதினால் லிட்டில் லீகில் அவனே அவுட்.

இன்னொன்று. ரன்னர் பாதி வழியில் இருக்கும்போது கேட்சர் கோட்டில் நின்றார், ஆனால் ரன்னர் வேகம் மாறுவதற்குள் பந்தைப் பிடித்துவிட்டார் என்றால் அப்ஸ்ட்ரக்‌ஷன் இல்லை. நின்றது மட்டும் குற்றமாகாது, அதனால் ஓட்டம் கெட வேண்டும்.

அடுத்த ஆட்டத்துக்கு முன் பிளேட் அருகே இரு அணிப் பயிற்சியாளர்களையும் சந்திக்கும்போது இதைச் சொல்லிவிடுங்கள். பிளேட்டுக்கு முன்புறம், மைதானத்தின் உட்பக்கம் நின்று, கோட்டைத் திறந்து விட்டுப் பந்தைப் பிடித்து, அப்புறம் டேக்குக்குத் திரும்பச் சொல்லிக் கேட்சர்களைப் பழக்கச் சொல்லுங்கள். மேஜர் லீக் கேட்சர்களும் இப்போது அப்படித்தான் நிற்கிறார்கள்.