விண்வெளி உடை இல்லாமல் வெளியே போனால் உடல் வெடித்துவிடுமா?

ஏதோ படம் பார்த்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கேட்கிறீர்கள் போல. வெடிக்காது. தோல் அவ்வளவு லேசில் கிழியாது. உடம்பு வீங்கும், அவ்வளவுதான். உடனே உறைந்தும் போகாது, சூட்டை வாங்கிக்கொண்டு போகச் சுற்றிலும் காற்றே இல்லையே. ஆளைக் கொல்வது ஆக்சிஜன் இல்லாமைதான். பத்துப் பதினைந்து விநாடியில் நினைவு தப்பிவிடும். மூச்சை மட்டும் பிடித்து வைக்கக் கூடாது, நுரையீரல் கிழிந்துவிடும். டாக்டர்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன்: நான் வாத்தியார், வைத்தியர் இல்லை.

ஆனால் சும்மா அளக்கவில்லை. 1966-ல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறைக்குள் ஜிம் லெப்ளாங்க் என்பவர் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்தபோது காற்றுக் குழாய் கழன்றுகொண்டது. சுமார் 14 விநாடியில் மயங்கி விழுந்தார். நாக்கில் எச்சில் குமிழியிட்டதுதான் அவருக்குக் கடைசி ஞாபகம். அவசரமாக அறைக்குள் காற்றை நிரப்பியதும் எழுந்துவிட்டார், காது வலியோடு சரி. 1971-ல் சோயுஸ் 11 என்ற சோவியத் விண்கலத்தில் திரும்பிய மூவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வழியில் வால்வு திறந்துகொண்டது, பாதுகாப்பு உடையும் போட்டிருக்கவில்லை. கலம் ஒழுங்காகத்தான் தரையிறங்கியது. உள்ளே மூவரும் இறந்திருந்தார்கள். யார் உடலும் வெடிக்கவில்லை.

எச்சில் கொதிக்குமா என்று நம்பாதவர்களுக்கு: பிளஸ் டூ பையன்களுக்கு நான் கண்ணெதிரே காட்டியிருக்கிறேன். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரை பெல் ஜார் என்ற கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, விளிம்பில் கிரீஸ் தடவி, காற்றை உறிஞ்சும் பம்பை ஓட விடுவேன். காற்றழுத்தம் குறையக் குறையக் குறைந்த சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும் அல்லவா, கொஞ்ச நேரத்தில் தளதளவென்று கொதிக்கும். காற்றைத் திறந்துவிட்டு ஒருத்தனை விரல் விடச் சொன்னால், "சார், சுடவே இல்ல சார்!" சுமார் 19 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் போனால் நம் உடல் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும் என்று அப்புறம் போர்டில் எழுதினால், எவனும் மறக்க மாட்டான்.

இதைப் போய் ஒரு பெற்றோர் நிர்வாகத்திடம், "பரீட்சைக்கு வராததையெல்லாம் நடத்துகிறார்" என்று புகார் சொன்னார். அன்றிலிருந்து பம்ப் பீரோவில், சாவி ஆபீசில். தனியார் பள்ளி எல்லாமே இப்படி என்று நான் சொல்லவில்லை, எங்கள் கதையைச் சொல்கிறேன். இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் தூசி தட்டி மேஜைமேல் வைப்போம். நீளம் அளக்கும் வெர்னியர் கருவியைப் பிடிக்கத் தெரியாத பையனுக்கும் செய்முறைத் தேர்வில் முழு மார்க் போடச் சொல்கிறார்கள், கையெழுத்து என்னுடையது. போன தடவை எடுத்தபோது பம்பின் பெல்ட் வெடிப்பு விட்டிருந்தது. மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.