பலூன் கடை ஏர்கன்னும் உப்புக் காற்றும்: கேள்வி-பதில்

மண்டபம் முதல் தொண்டி வரை திருவிழாக்களிலும் கடற்கரையிலும் பலூன் கடை போடுகிறவர்களின் கேள்விகள் இவை. எல்லாம் பேரலை (குழலை) மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் 4.5 மில்லிமீட்டர் ஏர்கன் பற்றியவை. கடைசி ஒன்று மட்டும் பேட்டரித் துப்பாக்கி.

சந்தனக்கூடு சமயத்தில் நன்றாக அடித்தது. இப்போது ரவை (குண்டு) பலூனில் பட்டுக் கீழே விழுகிறது. ஸ்பிரிங்கை மாற்றிவிடலாமா? (ஏர்வாடி)

அவசரப்படாதீர்கள். ஸ்பிரிங் போவதற்கு முன் காற்று கசிவதுதான் வழக்கம். பேரலும் உடலும் சேரும் இடத்தின் மேல் டிஷ்யூ பேப்பர் கீற்று ஒன்றை வைத்து, ரவை போட்டுப் பலகையில் சுடுங்கள். கீற்று பறந்தால் அந்த இடத்தில் காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தேய்ந்திருக்கிறது. ஊசியால் பழையதை நெம்பி எடுத்து, அதே சுற்றளவும் தடிமனும் உள்ளதைப் போடுங்கள். விரலால் தடவினால் புதிய ரிங் லேசாகத் தட்டுப்பட வேண்டும். உள்ளே அமிழ்ந்து போனால் அடியில் மெல்லிய ஷிம் (உயரம் கூட்டும் தகடு) ஒன்று கொடுங்கள்.

கீற்று அசையவே இல்லையா? அடுத்த சந்தேகம், உள்ளே காற்றைத் தள்ளும் பிஸ்டனின் வாஷர். பழைய துப்பாக்கிகளில் அது தோல், காய்ந்தால் சுருங்கிவிடும். ஸ்பிரிங் ஏறாத அளவுக்கு மட்டும் பேரலைத் திறந்து, கட்டை (தோளில் வைக்கும் பின்பகுதி) தரையில் இருக்க நிமிர்த்தி வையுங்கள். காற்று வரும் துளையில் சிலிக்கான் எண்ணெய் நாலைந்து சொட்டு விட்டு, இரவு முழுக்க அப்படியே இருக்கட்டும். வாஷர் பிளாஸ்டிக் என்றால் ஒரு சொட்டு போதும்.

இரண்டும் சரியாக இருந்து, மடக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். அதை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் இல்லாமல் கழற்றக் கூடாது. ஏற்றாத நிலையிலும் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கிறது. பின் மூடி முகத்தைப் பார்த்துப் பாயும்.

தேங்காய் எண்ணெய் விட்டோம். வெடி போல் சத்தம், புகை. பவர் கூடிவிட்டதா? (தொண்டி)

இல்லை, உள்ளே தீப்பிடிக்கிறது. விசைப்படகு டீசல் இன்ஜினில் நடப்பதேதான்: வேகமாக அழுத்தப்படும் காற்று சூடேறி எண்ணெய் ஆவியைப் பற்றவைக்கிறது. வாஷர் கருகும், ஸ்பிரிங் அடிபடும். துளையைத் துடைத்துவிட்டு, புகை நிற்கும்வரை ரவை போட்டே சுட்டுத் தீருங்கள். வெறுமனே சுட்டால் பிஸ்டனைத் தாங்கக் காற்று மெத்தை இருக்காது; அது நேராகப் போய் முட்டும். தையல் மெஷின் எண்ணெய் வெளியே மடக்கும் போல்ட்டுக்கு மட்டும், அதுவும் ஒரே சொட்டு.

எண்ணெய் தடவித்தான் உறையில் வைக்கிறோம். ஆனாலும் மூன்று நாளில் துரு. (பாம்பன்)

உப்பு எண்ணெயில் கரையாது. உப்பும் வியர்வையும் படிந்த இரும்பின் மேல் எண்ணெய் தடவினால், உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் ஆகும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்து, அதன் பிறகு எண்ணெய். கடை கட்டும் ஒவ்வொரு இரவும் இது நடக்க வேண்டும். ரெக்சின் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும்; பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைப்பது எவ்வளவோ மேல். வந்துவிட்ட துருவை எண்ணெய் தொட்ட மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் எடுங்கள், உப்புத்தாள் வேண்டாம். கட்டையைக் கழற்றி அதற்கடியிலும் பாருங்கள், துரு முதலில் ஒளிவது அங்கேதான்.

குறி இடப்பக்கம் போகிறது. (தேவிபட்டினம்)

வேண்டுமென்றே குறியைத் திருப்பி வைத்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள் என்பதால், உங்களை நம்பிச் சொல்கிறேன். கட்டை ஸ்குரூக்களை முறுக்குங்கள். பேரலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மடக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறது. இரும்பு டார்ட் போட்டுச் சுடும் பழக்கம் இருந்தால் பேரலின் உள்வரிகள் தேய்ந்திருக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது.

பேரலை மூடும்போதே தானாகச் சுடுகிறது. (கீழக்கரை)

இன்றே கடையிலிருந்து எடுத்துவிடுங்கள். டிரிகரின் பிடிமுனை மழுங்கிவிட்டது. அரம் போட்டுத் தீட்டினால் கடினப்படுத்திய மேல்தோல் போய் இன்னும் மோசமாகும். பாகத்தையே மாற்ற வேண்டும். ரவை போடும்போது எப்போதும் ஒரு கை பேரலை இறுகப் பிடித்திருக்கட்டும், இல்லாவிட்டால் விரல் போகும்.

இன்னும் கடினமான ஸ்பிரிங் போடலாமா? (மண்டபம்)

பத்தடி தூரத்துப் பலூனுக்கு எதற்கு? ரவை தெறித்துத் திரும்புவதுதான் கூடும். பலகைக்கு முன்னால் பழைய கம்பளியைத் தொங்கவிடுங்கள். சுடும் ஆற்றல் 20 ஜூல் (joule) அளவைத் தாண்டினால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் கேட்பார்கள். கொக்கு, நாரை அடிக்கத்தான் என்றால் 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, இங்கே பதில் இல்லை.

6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுக்கான பேட்டரித் துப்பாக்கி. மோட்டார் சுற்றுகிறது, குண்டு வரவில்லை. (அரியமான்)

மோட்டார் ‘வீல்’ என்ற சத்தத்தோடு தடையில்லாமல் சுற்றினால், அதன் முனையிலுள்ள சிறு பல்சக்கரம் நழுவியிருக்கும், அல்லது பிஸ்டன் பற்கள் உதிர்ந்திருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பிடியின் அடித்தட்டைத் திறந்து, முதலில் மோட்டாரை வெளியே எடுத்துப் பாருங்கள். பிஸ்டன் என்றால் கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டும். ‘டிக்’ சத்தத்தோடு நின்றுவிட்டால் பேட்டரியை அளந்து பாருங்கள்: இரண்டு செல் லித்தியம்-பாலிமர் முழுதாக ஏறினால் 8.4 வோல்ட், 6-க்குக் கீழே போனால் கெட்டது. வோல்ட் சரியாக இருந்தால் கனெக்டரைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் சுரண்டிச் சமாளிக்காமல் புதிது போடுங்கள்.