டேப் டிரைவில் '6' தெரிந்தால் டிரைவையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் தணிக்கை அலுவலகத்தில் ஐபிஎம் எல்டிஓ-6 டேப் டிரைவில் (காந்த நாடாவில் தரவைப் பதியும் கருவி) பேக்கப் எடுக்கிறோம். முன்பக்கச் சிறு கட்டத்தில் சில வாரங்களாக 'சி' என்ற ஆங்கில எழுத்து தெரிந்தது. இப்போது '6' தெரிகிறது. பராமரிப்புக்கு வருபவர், டிரைவ் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: பணத்தை எடுக்காதீர்கள், பொறுங்கள். டேப் அல்லது டிரைவ், இரண்டில் ஒன்று சரியில்லை என்பதுதான் '6'. எது என்பது டிரைவுக்கே தெரியாது. வந்தவருக்கு மட்டும் பார்த்தவுடன் தெரிந்துவிட்டதாம். ஒற்றை எழுத்துக்கு ஒரு கட்டத்தை வைத்துவிட்டு, அதன் பொருளைக் கையேட்டுக்குள் புதைத்து வைப்பதும் ஒரு முறையா? அந்தக் கையேடு அட்டைப்பெட்டியோடு பழைய பேப்பர் கடைக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும்.

முதலில் அந்த 'சி'. என்னைச் சுத்தம் செய் என்று டிரைவ் கேட்டது, நீங்கள் கண்டுகொள்ளவில்லை. சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜை, அதாவது டேப் போலவே பெட்டிக்குள் வரும் துப்புரவு நாடாவை, உள்ளே விடுங்கள். சில நிமிடத்தில் வேலையை முடித்துத் தானே வெளியே தள்ளும். அந்தக் கார்ட்ரிட்ஜுக்கும் ஆயுள் உண்டு. ஐபிஎம் தருவது 50 முறை வரை வரும். கேட்காதபோது வாராவாரம் போட்டால், டேப்பைப் படித்து எழுதும் ஹெட்தான் தேயும். பஞ்சும் ஸ்பிரிட்டும் கிட்டவே வரக்கூடாது.

பிறகு எழுதாத டேப் ஒன்றைப் போட்டுச் சிறிய பேக்கப் எடுத்து, அதைத் திரும்பப் படித்தும் பாருங்கள். போன மாத பேக்கப் இருக்கும் டேப்பில் இந்தச் சோதனையைச் செய்துவிடாதீர்கள். '6' வரவில்லையா? பழைய டேப்தான் குற்றவாளி, அல்லது ஹெட்டில் இருந்த அழுக்கு. மறுபடியும் வருகிறதா? வந்தவர் சொன்னது சரியாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்கிறேன். இரண்டு டேப்பும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஒரே கட்டு என்றால் இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது; கட்டே மோசமாக இருந்தாலும் இதே '6' தான் வரும். வேறு சமயம், வேறு கடையில் வாங்கிய டேப்பிலும் பார்த்த பிறகே டிரைவைக் குறை சொல்லுங்கள்.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. பயன்படுத்திய டேப்புக்குப் புது உறை போட்டு விற்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு எல்டிஓ கார்ட்ரிட்ஜுக்குள்ளும் சின்னஞ்சிறு சிப் ஒன்று, அது எத்தனை முறை டிரைவுக்குள் போனது என்று எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புது டேப்புக்கு நூற்றுக்கணக்கில் கணக்கு இருக்க முடியாது. 'காந்தத்தால் முழுக்க அழித்துப் புதிதாக்கியது' என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் வாசலைக் காட்டுங்கள். ஹெட்டுக்கு வழிகாட்டும் தடங்கள் தொழிற்சாலையில் டேப்பிலேயே பதிக்கப்படுகின்றன. காந்தம் அவற்றையும் சேர்த்து அழித்துவிடும். எந்த டிரைவாலும் அவற்றைத் திரும்ப எழுத முடியாது. அந்த டேப் இனிக் குப்பைக்குத்தான்.

மற்ற குறிகளில் '7' என்றால் டேப் கோளாறு, '5' என்றால் டிரைவ் கோளாறு, '1' என்றால் சூடு, மின்விசிறியில் தூசு பாருங்கள். ஆங்கில 'பி' (P) தெரிந்தால் யாரையும் அழைக்க வேண்டாம். கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் இருக்கும் எழுத்துத் தடுப்பு விசையைத் தள்ளிவிட்டால் போதும். அதற்கும் வருகைக் கட்டணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.