ஈஸ்டுக்குச் சூடு ஆகாது: வீட்டு பீர் கேள்வி பதில்

14 ஆண்டுகளாக வீட்டில் பீர் தயாரித்து வருகிறேன். நன்றாக வந்ததைவிடக் கொட்டியதில் கற்றதுதான் அதிகம். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்ததால், ஒன்றாக்க முடிந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். வீட்டுத் தயாரிப்பை உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில்.

கேள்வி: ஐயா, மூன்று முறை செய்து பார்த்தேன். குடிக்கலாம், ஆனால் ஏதோ முரட்டுத்தனமாக இருக்கிறது, தொண்டையில் எரிகிறது. கொதிக்கவைக்க நல்ல எஃகுக் கொப்பரை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கிவிடவா?

கொப்பரை காத்திருக்கட்டும். அந்த எரிச்சல் கொப்பரையால் வருவதல்ல, ஈஸ்டுக்குச் சூடேறியதால் வருவது. சர்க்கரையைத் தின்னும்போது ஈஸ்ட் தானும் சூட்டைக் கிளப்பும். அறை 22 டிகிரி என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். பீர் நொதிக்கும் கலத்துக்குள்ளே 26 ஆகியிருக்கும். அந்தச் சூட்டில் பெரும்பாலான ஏல் (சற்று மிதமான சூட்டில் நொதிக்கும் பீர் வகை) ஈஸ்டுகள் ஃபியூசல் என்ற முரட்டு ஆல்கஹால்களை உண்டாக்கிவிடும். பெயிண்ட் கரைப்பான் போன்ற வாடையும் தொண்டைக் காரமும் அதன் அடையாளம். பாட்டிலில் எத்தனை மாதம் வைத்தாலும் அது முழுதாகப் போகாது.

ஏல் என்றால் 18 முதல் 20 டிகிரிக்குள் பிடித்து வையுங்கள். குளிரில் நொதிக்கும் லாகர் வகைக்கு 10 முதல் 13. பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்றும், அதை அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட் ஒன்றும் இருந்தால் போதும். தெர்மோஸ்டாட்டின் உணரியைப் பெட்டிக்குள் காற்றில் தொங்கவிடாதீர்கள். கலத்தின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்சை வைத்துக் கட்டுங்கள். காற்றின் குளிர்ச்சியை அல்ல, பீரின் சூட்டை அது அளக்க வேண்டும்.

பெட்டிக்கு வசதியில்லையா? அகலமான தொட்டியில் தண்ணீர் விட்டு அதற்குள் கலத்தை இறக்குங்கள். உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிப் போடுங்கள். முதல் மூன்று நான்கு நாள்தான் பாடு. அதற்குப் பிறகு சற்றுச் சூடேறினால் நல்லதுதான்; இடையில் உண்டான வெண்ணெய் வாடையை ஈஸ்ட் தானே தின்று தீர்த்துவிடும்.

கேள்வி: ஐந்தாம் நாளே ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடிக் குழாய்) குமிழி நின்றுவிட்டது. பாட்டிலில் அடைக்கலாமா?

கூடாது. மூடி எங்காவது கசிந்தால், நொதித்தல் நடக்கும்போதே குமிழி வராது. நொதித்தல் முடிந்த பிறகும், சூடு ஏறினால் கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழி வரும். ஆகவே குமிழி ஒரு வேடிக்கை, அவ்வளவுதான், பீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர்தான் சாட்சி; சர்க்கரை தீரத் தீர அதன் எண் இறங்கும். இரண்டு நாள் இடைவெளியில் இரு முறை அளந்து, இரண்டும் ஒரே எண்ணாக இருந்து, அந்த எண்ணும் எதிர்பார்த்ததற்கு அருகில் இருந்தால் அடையுங்கள். தொடக்கத்தில் 1.050, முடிவில் 1.012 என்றால் வித்தியாசம் 0.038. அதை 131 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5 சதவீத ஆல்கஹால். அளக்க எடுத்ததைக் கலத்தில் திருப்பி ஊற்றாமல் குடித்துப் பாருங்கள். பாதி விஷயம் நாக்கிலேயே தெரிந்துவிடும்.

ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ஒளிவிலகல்மானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆல்கஹால் கலந்த பிறகு அது காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. அதற்கென உள்ள கணக்கில் திருத்திக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எனக்கு எப்போதும் 1.020க்குக் கீழே இறங்குவதே இல்லை. மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) துணிப்பையில் போட்டு வெந்நீரில் ஊறவைக்கும் பை முறைதான், 66 டிகிரி, ஒரு மணி நேரம். எல்லாம் சரியாகத்தானே செய்கிறேன்?

எல்லாம் சரி, தெர்மாமீட்டர் சரிதானா? எனக்கும் இதே 1.020 இரண்டு முறை வந்தது. ஈஸ்டைத் திட்டினேன், மால்ட்டைத் திட்டினேன். கடைசியில் ஐஸ் கட்டிகள் நிறைந்த தண்ணீரில் தெர்மாமீட்டரை முக்கினால் கழித்தல் 3 காட்டுகிறது! நான் 66 என்று நினைத்ததெல்லாம் உண்மையில் 69.

மால்ட்டில் இரண்டு நொதிகள் முக்கியம். 62 முதல் 65 டிகிரியில் சுறுசுறுப்பாக இருப்பது பீட்டா அமிலேஸ். அது ஈஸ்ட் எளிதில் தின்னும் சர்க்கரையைத் தரும். பீர் இனிப்பு குறைந்து லேசாக வரும். 70ஐ ஒட்டி ஆல்ஃபா அமிலேஸின் கை ஓங்கும். அது விட்டுவைக்கும் நீளச் சங்கிலிகளை ஈஸ்டால் கடிக்க முடியாது. பீர் கனமாகவும் இனிப்பாகவும் நிற்கும். அந்த மூன்று டிகிரிதான் என் இரண்டு பீர்களையும் பாகாக்கியது. உங்கள் தெர்மாமீட்டரையும் ஐஸ் தண்ணீரில் ஒருமுறை முக்கிப் பாருங்கள்.

அது சரியாக இருந்தால் அடுத்து ஈஸ்ட். 20 லிட்டருக்கு 11 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் ஒன்று, காலாவதி ஆகாதது, வேண்டும். திரவ ஈஸ்ட் என்றால், வாங்கிப் பல வாரமாகியிருந்தால், முந்தின நாளே சிறிது மால்ட் சாற்றில் வளர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மால்ட் ஊறும் நீரின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) பார்க்க வேண்டுமா?

5.2 முதல் 5.6 வரை இருந்தால் நொதிகளுக்கு வசதி. முதல் பத்து முறைக்கு இதை மறந்துவிடலாம். ஆனால் ஒரு தகவல் சொல்லாமல் இருக்க முடியவில்லை: பிஎச் என்ற அளவையே 1909இல் சோரன்சன் வகுத்தது கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில்தான்.

கேள்வி: பீரில் மருந்துக்கடை வாடை. எல்லாவற்றையும் பிளீச் போட்டுக் கழுவுகிறேனே!

அந்த பிளீச்சே காரணமாக இருக்கலாம், குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினும் காரணமாக இருக்கலாம். குளோரின் மால்ட்டின் பீனால்களோடு சேர்ந்தால் குளோரோபீனால். துளியிலும் துளி இருந்தாலே மூக்குக்குத் தெரியும். கொதிக்கவைத்தால் குளோரின் போய்விடும். சில ஊர்க் குழாய்த் தண்ணீரில் குளோரினுக்குப் பதில் கலக்கும் குளோரமைன் லேசில் போகாது. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் மாத்திரை ஒன்று 75 லிட்டர் தண்ணீருக்குப் போதும். உங்கள் 25 லிட்டருக்கு அரை மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கிவிடுங்கள், சில நிமிடங்களில் வேலை முடியும். பிளீச்சை விட்டுவிட்டு, கழுவ வேண்டாத அமிலவகைக் கிருமிநீக்கிக்கு மாறுங்கள். அதன் நுரை ஒட்டியிருந்தாலும் பாதகமில்லை.

கேள்வி: கலத்தில் இருக்கும்போது பீர் நன்றாக இருக்கிறது. பாட்டிலில் மூன்று வாரம் கழித்துப் புளிப்பு, திறந்தால் பொங்குகிறது. அத்தனையும் கழுவித்தான் வைக்கிறேன்.

கலத்தின் அடியில் உள்ள குழாயைக் கழற்றியிருக்கிறீர்களா? நான் ஓராண்டு கழற்றவில்லை. ஒருநாள் திருகிப் பிரித்தபோது, மரையின் பள்ளங்களில் பழுப்பு நிறத்தில் ஒரு பசை, விரலில் தேய்த்தால் வழுக்குகிறது, பழைய ஈரத்துணி வாடை. அந்த ஓராண்டின் பீரெல்லாம் அதன் வழியாகத்தான் பாட்டிலுக்குப் போயிருக்கிறது.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கின் மேல் எந்தக் கிருமிநீக்கியும் வேலை செய்யாது. பிரிக்கக்கூடியதை எல்லாம் பிரித்து, ஆல்கலைன் வகைக் கழுவும் தூளில் ஊறவைத்து, அலசி, அதன் பிறகே கிருமிநீக்கி. பிளாஸ்டிக் கலத்தைச் சொரசொரப்பான நாரால் தேய்க்காதீர்கள். கீறலுக்குள் போய் உட்கார்ந்த கிருமியை வெளியேற்ற வழியில்லை. ரப்பர் குழாய் மங்கிப்போனால் தூக்கிப் போடுங்கள், அது மலிவான பொருள்தான்.

கேள்வி: கொதிக்கும்போது மூடி வைத்தால் எரிவாயு மிச்சமாகுமே?

மிச்சமாகும். பீரில் வேகவைத்த மக்காச்சோள வாடையும் மிச்சமாகும். கொதி வரும்வரை மூடுங்கள், வந்தபின் திறந்துவிடுங்கள்.

கேள்வி: பாட்டில் வெடிக்கும் என்கிறார்கள். சர்க்கரை எவ்வளவு?

லிட்டருக்கு 6 கிராம், 20 லிட்டருக்கு 120. சிறிது தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, மொத்த பீரிலும் மெதுவாகக் கலந்துவிட்டு அடையுங்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் கரண்டியால் போட்டால் ஒன்று சப்பென்றும் ஒன்று வெடிகுண்டாகவும் ஆகும். வாயு அழுத்தத்துக்காகவே செய்த பாட்டில்களை மட்டும் பயன்படுத்துங்கள். பழுப்பு நிறமாக இருந்தால் வெளிச்சத்தில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) கெட்டு நாறாமலும் இருக்கும். ஆனால் வெடிப்பது பெரும்பாலும் சர்க்கரை அளவால் அல்ல, நொதித்தல் முடியும் முன்பே அவசரப்பட்டு அடைப்பதால். ஹைட்ரோமீட்டர் பற்றி மேலே சொன்னதை இன்னொரு முறை படியுங்கள்.

கேள்வி: ஹாப்ஸைக் கைநிறையப் போடுகிறேன். முதல் வாரம் மணக்கிறது, மூன்றாம் வாரம் அட்டைப்பெட்டி வாடை, நிறமும் பழுப்பாகிவிடுகிறது.

ஆக்சிஜன். ஈஸ்டைப் போடும் முன்பு மால்ட் சாற்றை எவ்வளவு வேண்டுமானாலும் குலுக்குங்கள், ஈஸ்டுக்கு அது தேவை. நொதித்தல் தொடங்கிய பிறகு காற்றே பகை. இன்னொரு கலத்துக்கு மாற்றித் தெளியவைக்கும் பழக்கத்தை விடுங்கள், வழக்கமான பீருக்கு அது வேண்டியதில்லை. அடைக்கும்போது குழாயின் முனை பாட்டிலின் அடியைத் தொட வேண்டும், சலசலப்பே கேட்கக் கூடாது. மீதமான ஹாப்ஸைக் காற்றுப் புகாமல் உறைபெட்டியில் வையுங்கள்.

முதலில் கேட்டவர் மீண்டும்: அப்படியானால் கொப்பரையை எப்போதுதான் வாங்குவது, ஐயா?

கடையில் வாங்கும் மால்ட் சாரத்திலிருந்து முழுத் தானியத்துக்கு மாறும்போது. பை முறையில் 20 லிட்டர் பீருக்கு 35 லிட்டர் கொள்ளளவாவது வேண்டும், 40 என்றால் பொங்கி வழியுமோ என்று பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை. வாங்கும் முன் ஒன்று பாருங்கள்: அது உங்கள் அடுப்பில் உட்காருமா, 30 லிட்டர் கொதிநீரை அந்த அடுப்பு தாங்குமா என்று. என்னுடையது தாங்கவில்லை.